ஆலைச் சங்கும் அறத்தின் மொழியும்

புதுச்சேரியின் மூத்த தலைமுறையினர் இரண்டு ஒலிகளைக் கொண்டு தம் நாளை வகுத்துக்கொண்டவர்கள். ஒன்று கோவில் மணி; மற்றொன்று ஆலைச் சங்கு. கடலூர்ச் சாலையிலும் முதலியார்பேட்டையிலும் வாழ்ந்த குடும்பங்களில் உலை வைப்பதும், பிள்ளையை எழுப்புவதும், ஷிப்டுக்குப் போகிறவருக்குச் சோற்றுத் தூக்கைக் கட்டிக் கொடுப்பதும் சங்கின் கணக்கிலேயே நடந்தன. மணி இன்றும் ஒலிக்கிறது. சங்கு ஓய்ந்துவிட்டது. ரோடியர் ஆலை, சவானா ஆலை, கெப்ளே ஆலை என்று நம் முன்னோர் அழைத்த மூன்றும், பின்னாளில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று பெயர் மாறி, இன்று பூட்டிய கதவுகளாக நிற்கின்றன.

இவ்வாலைகள் ஏன் மூடப்பட்டன என்பதற்குப் பொருளியல் அறிஞர் விடை கூறுவர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொரு வினா. ஒரு தொழிலைப் பற்றி மேலிடத்தில் எடுக்கப்படும் முடிவு, கீழே உழைப்பவரின் வாழ்வைப் புரட்டிப் போடுகிறது. அம்முடிவின் அறத்தை எடைபோட நம் இலக்கியமும் நம் அன்றாட மொழியும் நமக்கு என்ன கற்றுத் தந்துள்ளன? கற்றுத் தந்தது போதுமா? திறனாய்வு என்பது கவிதைக்கும் கதைக்கும் மட்டுமே உரியதன்று. அரசாணையும் ஆலை வாயிலில் ஒட்டப்படும் அறிவிப்பும்கூட மனிதர் எழுதிய வாசகங்களே. அவற்றையும் படித்துப் பார்க்க வேண்டிய கடமை எழுத்தை நேசிப்போர்க்கு உண்டு.

நான்கு சொற்கள்

ஆலை மூடல் பற்றிய செய்திகளில் தவறாமல் இடம்பெறும் நான்கு சொற்களை நோக்குவோம்: நலிந்த ஆலை, உபரித் தொழிலாளர், லே-ஆப், விருப்ப ஓய்வு.

‘நலிந்த’ என்பது நோயாளிக்குரிய சொல். 1985-ஆம் ஆண்டில் நடுவண் அரசு நலிந்த தொழில் நிறுவனங்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அதன் பின் இச்சொல் சட்டத்தின் தகுதியையும் பெற்றது. நோய் வருவது யாருடைய குற்றமும் அன்று என்பது நம் பொது எண்ணம். எனவே ஓர் ஆலையை ‘நலிந்தது’ என்றவுடன், இயந்திரத்தைப் புதுப்பிக்காதவர் யார், ஆதாயத்தை வேறு தொழிலுக்குத் திருப்பியவர் யார், சந்தை மாறியதை அறிந்தும் வாளாவிருந்தவர் யார் என்னும் வினாக்கள் அடங்கிவிடுகின்றன. கேள்வி கேட்க வந்தவர் துக்கம் விசாரிக்க வந்தவராக மாறிவிடுகிறார்.

‘உபரி’ என்பது கிடங்குக் கணக்கின் சொல். தேவைக்கு மேல் எஞ்சிய பஞ்சுப் பொதியை உபரி எனலாம். முப்பது ஆண்டு தறிக்கூடத்தில் நின்று, பஞ்சுத் தூசியை மூச்சோடு உள்ளிழுத்த மனிதரை அவ்வாறு சொல்லும்போது, அவரை வேலைக்கு எடுத்தவர் ஒருவர் உண்டு என்பதையும் அன்று அவர் தேவைப்பட்டார் என்பதையும் அச்சொல் மறைக்கிறது.

‘லே-ஆப்’ என்பதை மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டோம். வேலையும் இல்லை, வேலைநீக்கமும் இல்லை என்னும் அந்தரத்தின் பெயர் அது. தொழில் தகராறுச் சட்டம் அதற்கு வகுத்த ஈட்டுத்தொகை, அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி.

‘விருப்ப ஓய்வு’ இந்நான்கிலும் நயமானது. வேறு வழியெல்லாம் அடைபட்ட பின் எஞ்சிய ஒரே வழியில் நடப்பதை விருப்பம் என்பது, மொழிக்கே இழைக்கும் தீங்கு. இதனை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு திருத்தந்தை கண்டு கூறினார். 1891 மே 15-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல், கூலி ஒப்பந்தத்தில் தொழிலாளி கையொப்பமிட்டுவிட்டார் என்பதாலேயே அது நீதியானதாகிவிடாது என்றது. பசிக்கும் பெருந்தீங்குக்கும் அஞ்சி ஒருவர் ஒப்புக்கொள்வது இசைவு அன்று. வலுக்கட்டாயமே என்பது அதன் கருத்து. ‘விருப்பம்’ என்னும் சொல்லை அந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் நம் அறிவிப்புகள் பலவும் குறுகிப்போகும்.

பிரெஞ்சு நாவல் ஒன்று

சொல்லை மாற்றிக் கூலியைக் குறைக்கும் கலை புதிதன்று. 1885-இல் எமிலி ஸோலா வெளியிட்ட ‘ஜெர்மினல்’ நாவலைப் பிரெஞ்சு பயின்ற புதுச்சேரி வாசகர் பலர் அறிவர். வட பிரான்சின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய அந்நாவலில் வேலைநிறுத்தம் எதனால் மூளுகிறது? நிறுவனம் கூலியைக் குறைத்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லை. சுரங்கக் கூரைக்கு மரமுட்டுக் கொடுக்கும் வேலைக்கு இனித் தனியே பணம் தருவோம் என்கிறது. பாதுகாப்பின்மேல் அக்கறை கொண்டதுபோல் ஒலிக்கும் அந்த அறிவிப்போடு, ஒரு வண்டி நிலக்கரிக்குரிய விலையைக் குறைத்துவிடுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் தொழிலாளிக்கு இழப்பு. எழுதப் படிக்க அறியாதவரும் அக்கணக்கை ஒரு நொடியில் போட்டுவிடுகின்றனர்.

ஆயினும் இந்நாவலை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் அதுமட்டுமன்று. முடிவெடுப்போரையும் அதனால் பயன்பெறுவோரையும் ஸோலா ஒரே முகமாக வரையவில்லை. சுரங்கத்தின் மேலாளர் என்போ சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். பாரிஸிலிருந்து வரும் ஆணையை நிறைவேற்றுபவர். தெனெலேன் சிறு சுரங்கம் ஒன்றின் சொந்தக்காரர். தன் முதல் முழுவதையும் இயந்திரத்தில் போட்டவர். தொழிலாளரோடு நேரில் பேசத் தெரிந்தவர். அதே வேலைநிறுத்தத்தில் அழிந்து, தன் சுரங்கத்தைப் பெரிய நிறுவனத்திடம் இழந்துவிடுபவர். கிரேகுவார் குடும்பத்தினரோ எந்த முடிவையும் எடுப்பதில்லை. மூதாதையர் வாங்கி வைத்த பங்கு ஒன்று ஆண்டுதோறும் தரும் வருவாயில் அமைதியாக வாழ்கின்றனர். நல்லவர்கள்; இரக்கமுள்ளவர்கள்; வீட்டுக்கு வரும் ஏழைப் பெண்ணின் குழந்தைகளுக்குத் துணியும் இனிப்பு ரொட்டியும் கொடுக்கின்றனர். பணம் மட்டும் கொடுப்பதில்லை. கொடுத்தால் குடித்துக் கெட்டுப்போவார்கள் என்பது அவர்களின் துணிபு. அந்த ரொட்டி எவருடைய உழைப்பில் விளைந்தது என்னும் எண்ணம் அவர்களுக்கு ஒருபோதும் எழுவதில்லை.

நாவலின் தொடக்கத்திலேயே இச்சுரங்கம் யாருடையது என்று வழிப்போக்கர் கேட்கிறார். முதிய தொழிலாளியால் விடை கூற இயலவில்லை. எங்கோ இருளைச் சுட்டிக்காட்டுகிறார். முதலாளி யார் என்றே தெரியாத நிலையில் நீதியை யாரிடம் கேட்பது? ஸோலாவின் இந்தக் கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டோடு வயது முடிந்துவிடவில்லை.

நம் நாவல்களின் வலிவும் குறையும்

தமிழில் உழைப்பாளர் நாவல்களுக்குப் பெருமைக்குரிய மரபு உண்டு. தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953-இல் நெசவாளர் துயரத்தைத் தமிழ் நாவலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று கண்டறிந்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். தேயிலைத் தோட்ட மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969-இல் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. டி. செல்வராஜின் ‘தோல்’ திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றியது. 2012-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருது பெற்றது. இந்நூல்களைப் படித்தவர் உப்பையும் தேநீரையும் தோல் செருப்பையும் முன்போல் பயன்படுத்த இயலாது. இலக்கியம் செய்யத்தக்க பெரும்பணி அது. அதில் நமக்கு ஐயம் இல்லை.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இம்மரபில் துன்புறுவோர்க்கு முழு உள்ளம் உண்டு. முடிவெடுப்போர்க்குப் பெரும்பாலும் உள்ளமே இல்லை. ‘பஞ்சும் பசியும்’ நாவலில் கடன் சுமையில் நொறுங்கும் ஜவுளி வணிகர் ஒருவர் வருகிறார், அது விலக்கு. பொதுவாக நம் கதைகளின் முதலாளி, துரை, கங்காணி ஆகியோர் கொடுமைக்காகவே படைக்கப்பட்டவர்கள்போல் நடமாடுகின்றனர். அத்தகைய கொடுமை வரலாற்றில் இருந்தது மெய்யே. ஆசிரியர் எவரும் மிகைப்படுத்தினார் என்று நாம் கூறவில்லை. ஆனால் முடிவெடுப்பவர் வெறும் தீயவராக இருந்தால், அங்கே அறச்சிக்கல் என்பதற்கே இடமில்லை. தீமை தீமையாகவே தெரிகிறது. வாசகர் கண்ணீர் வடித்து, சினந்து, தான் அக்கொடியவரைப் போன்றவர் அல்லர் என்னும் நிம்மதியோடு நூலை மூடுகிறார். குற்றமற்றவராக வெளியேறிவிடுகிறார். கிரேகுவார் குடும்பத்தின் வரவேற்பறையில் தாமும் அமர்ந்திருக்கக்கூடும் என்னும் ஐயம் அவருக்கு எழுவதில்லை.

தமிழில் இக்குறையை நிரப்பும் நூல் ஒன்று உண்டு. அது நாவல் அன்று. மொழிபெயர்ப்பாக வந்த தன்வரலாறு. காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யில் 1918-ஆம் ஆண்டு அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டம் விவரிக்கப்படுகிறது. ஆலை முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா. காந்தியடிகளுக்கு இருவரும் வேண்டியவர்கள். முதலாளிகள் 20 விழுக்காடு உயர்வு தர இசைந்தனர். தொழிலாளர் கேட்டது 35. போராட்டம் தளர்ந்தபோது காந்தியடிகள் உண்ணா நோன்பு தொடங்கினார். மூன்று நாளில் உடன்பாடு வந்தது. முதல் நாள் 35 விழுக்காடு, இரண்டாம் நாள் 20, அதன்பின் நடுவரின் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் நடுவான இருபத்தேழரை.

வெற்றிக் கதையாக எழுதி முடித்திருக்கலாம். காந்தியடிகள் அவ்வாறு செய்யவில்லை. தொழிலாளரின் உறுதியைக் காக்கத் தொடங்கிய நோன்பு, தம்மிடம் அன்பு வைத்திருந்த முதலாளிகளை நெருக்கும் கருவியாகவும் ஆயிற்று என்றும், ஆகவே அது குறையுடையது என்றும் தாமே எழுதி வைத்தார். நோன்பை அவர் கைவிடவும் இல்லை; அதன் குறையை மறைக்கவும் இல்லை. நீதியான கோரிக்கைக்காக நிற்பவரும் தம் வழிமுறையை ஆய்ந்து பார்க்க வேண்டும் என்னும் நேர்மை அப்பக்கங்களில் ஒளிர்கிறது. அறச்சிக்கலைப் பற்றி எழுத விழைவோர்க்கு இதைவிட நல்ல பாடநூல் இல்லை எனலாம்.

1936-உம் 2020-உம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1936 ஜூலை 30 புதுச்சேரி மறக்கக்கூடாத நாள். வ. சுப்பையா முதலியோரின் வழிகாட்டுதலில் ஆலைத் தொழிலாளர் வேலை நேரக் குறைப்பும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டுப் போராடினர். பிரெஞ்சு ஆட்சியின் காவல் படை சவானா ஆலையில் சுட்டது. பன்னிரு தொழிலாளர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பாரிஸில் லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு ஆட்சிக்கு வந்து, பிரெஞ்சுத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் அளித்திருந்தது. ஒரே கொடியின் கீழ் ஓரிடத்தில் விடுமுறை. ஓரிடத்தில் துப்பாக்கிக் குண்டு. சட்டம் கடல் கடந்து வர அடுத்த ஆண்டு ஆயிற்று. 1937 ஏப்ரலில் பிறந்த ஆணை எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் இம்மண்ணுக்குக் கொண்டுவந்தது.

1936-ஐப் பற்றி நமக்கு எழுதத் தெரியும். அங்கே தோட்டா இருக்கிறது; குருதி இருக்கிறது; ஆணையிட்டவர், வீழ்ந்தவர் என்னும் இரு பக்கங்கள் உள்ளன. ஆண்டுதோறும் நினைவிடத்தில் மலர் வைக்கிறோம். ஆனால் 2020 ஏப்ரல் இறுதியில் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்டதை எவ்வாறு எழுதுவது? எவரும் சுடவில்லை. முதலாளி வெள்ளையர் அல்லர்; தனியாரும் அல்லர். 1898-இல் தோன்றிய அவ்வாலை 1980-களில் தனியார் நிர்வாகத்தில் மூடிக் கிடந்தபோது, தொழிலாளர் வாழ்வைக் காக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு புதுச்சேரி அரசே அதனை ஏற்றது. ஆகவே அதன் முதலாளி நாமே. வரி செலுத்தும், வாக்களிக்கும் புதுச்சேரிக் குடிமக்கள் அனைவரும் அதன் முதலாளிகளாக இருந்தோம். ஸோலாவின் முதியவர் இருளைச் சுட்டினார். நம் ஊர்த் தொழிலாளி நம்மையே சுட்டலாம்.

அரசு எதிர்கொண்ட சிக்கல் போலியானதன்று. ஆலை இழப்பில் நடந்தது. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் கட்டடங்களையும் இயந்திரங்களையும் சிதைத்தது. ஓடாத தறிக்கு ஊதியம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போகக்கூடிய ரூபாய். ஆலையில் இல்லாத ஏழைக்கும் அரசின்மேல் உரிமை உண்டு. மறுபுறம், இயந்திரம் வாங்குவதையோ துணியின் விலையையோ எந்தச் சந்தையில் விற்பது என்பதையோ தொழிலாளி தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவர்கள் பதவி மாறிச் சென்றனர். பயனை அனுபவிக்க அவர் எஞ்சினார். பிறர் செய்த பிழைக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இரண்டு பக்கங்களிலும் நீதி இருக்கிறது. சிக்கல் என்பது இதுதான்.

ஆனால் இவ்வழக்கை இந்த அளவில் நிறுத்திக்கொள்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மூடுவதா வேண்டாமா என்னும் வினா 2020-இல் எழுந்தபோது, உண்மையான முடிவுகள் எல்லாம் முன்பே எடுக்கப்பட்டிருந்தன. சரியாகச் சொன்னால், எடுக்கப்படாமல் விடப்பட்டிருந்தன. ஓராண்டு புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவது. மறு ஆண்டு தேர்தலை எண்ணி உறுதிமொழி தருவது. அதற்கடுத்த ஆண்டு பாதி ஊதியத்தைக் கொடுத்துக் காலத்தைக் கடத்துவது. இவற்றுள் எதுவும் தனியே பார்த்தால் கொடுமையாகத் தோன்றாது. இரக்கம் போலவும் தோன்றக்கூடும். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால்தான் தீங்கின் உருவம் தெரிகிறது.

ஐம்பது வயதைத் தொட்ட நெசவாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஆலை ஓடவில்லை; பாதி ஊதியம் வருகிறது, அதுவும் காலம் தாழ்ந்து. வேறு வேலைக்குப் போகலாமா? போனால், ஆலை திறக்கும் நாளில் இடம் போய்விடுமோ, பணிக்கொடை சிக்கிக்கொள்ளுமோ என்னும் அச்சம். போகாமல் இருக்கலாமா? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லை. நாற்பத்திரண்டு வயதில் தெளிவாக ‘இல்லை’ என்று கேட்டிருந்தால் வேறு தொழில் கற்றிருப்பார். ஐம்பதில் அது கடினம். அவரிடமிருந்து பறிக்கப்பட்டது கூலி மட்டுமன்று. தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவெடுக்கும் காலம். காலம் தாழ்த்திய உண்மையும் ஒருவகைப் பொய்யே. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவே. அதற்கும் அறத்தின் முன் விடை சொல்லியாக வேண்டும். நம் நாவலாசிரியர்கள் இன்னும் எழுதாத கதை இதுவே.

கேட்கப்படும் உரிமை

சிக்கல் இருபுறமும் கூரியது என்றால், நேர்மையான முடிவுக்கு அடையாளம் என்ன? நீதிமன்றத் தீர்ப்புகளிரண்டு வழி காட்டுகின்றன. அவற்றுள் முதலாவது புதுச்சேரியையும் தொட்டது. 1978 ஏப்ரலில் நடுவண் அரசு, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுதேசி பருத்தி ஆலை நிறுவனத்தின் ஆறு ஆலைகளின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. நம் ஊர் ஆலையும் அவற்றுள் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் அவ்வாறு செய்தது இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்று 1981 ஜனவரியில் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சின்னப்ப ரெட்டி மாறுபட்டார். முதலாளியையும் கேட்டே தீர்க்க வேண்டும் என்பது நல்ல நெறியே.

அவ்வாறாயின் தொழிலாளியை? மறு ஆண்டே அவ்வினா எழுந்தது. 1982 டிசம்பரில் தேசியப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்க வழக்கில், ஒரு நிறுவனத்தைக் கலைத்து முடிக்கும் மனு விசாரிக்கப்படும்போது அதன் தொழிலாளர் தம் தரப்பைச் சொல்ல உரிமை உடையவரா என்று வினவப்பட்டது. ஐவருள் மூவர் ‘ஆம்’ என்றனர்; இருவர் மறுத்தனர். ‘ஆம்’ என்றோருள் பகவதியும், அதே சின்னப்ப ரெட்டியும் இருந்தனர். கடன் கொடுத்தவரும் பங்கு வைத்திருப்பவரும் பேசலாம், உடலையும் ஆயுளையும் முதலீடு செய்தவர் மட்டும் வாய் திறக்கலாகாது என்பது நீதியாகுமா? ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில்தான் இத்தெளிவு நமக்குக் கிடைத்தது என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது.

சட்டம் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். தொழில் நடத்தும் உரிமையில் அதனை மூடும் உரிமையும் அடங்கும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1982-இல் சட்டம் திருத்தப்பட்டு, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையை மூட முன் அனுமதி வேண்டும் என்றாயிற்று. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 300 ஆக உயர்த்தியது. 299 பேர் உழைக்கும் ஆலையில் மனிதர் இல்லையா? எண் எதுவாயினும், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் மனச்சான்று தன் வேலையைத் தொடங்குகிறது. உண்மையை உரிய காலத்தில் சொல்வது. முடிவு உறுதியாகும் முன் கேட்பது. இழப்பைப் பகிரும்போது மேலிருப்போரும் தம் பங்கை ஏற்பது. இம்மூன்றும் இருந்தால் மூடும் முடிவும் நேர்மையானதாக இருக்கக்கூடும். இவை இல்லையெனில் திறந்து வைத்திருக்கும் முடிவும் வஞ்சகமே.

மறைமுக முதலாளி

1981 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர்மேல் நடந்த கொலை முயற்சியால் காலம் தாழ்ந்து வந்த மடல் அது. இளமையில் கல்லுடைக்கும் குழியிலும் வேதிப்பொருள் ஆலையிலும் உழைத்தவர் எழுதியது என்பது வரிதோறும் தெரியும். அதில் அவர் தரும் கருத்து ஒன்று நம் திறனாய்வுக்கு நல்ல கருவி. தொழிலாளியோடு ஒப்பந்தம் செய்பவர் நேரடி முதலாளி. அந்த ஒப்பந்தம் எவ்வாறு அமையும் என்பதை வெளியிலிருந்து நிர்ணயிக்கும் அரசு, பெரு நிறுவனங்கள், சட்டங்கள், உலக வணிக ஏற்பாடுகள் ஆகியவை மறைமுக முதலாளி. பொறுப்பு நேரடி முதலாளியோடு முடிந்துவிடுவதில்லை.

இக்கருவியைக் கையிலெடுத்தால் நம் வாசிப்பு மாறும். மலிவு விலையில் சட்டை வேண்டும் என்று கேட்கும் நாமும், கைத்தறி விழாவில் மட்டும் கைத்தறி உடுத்தும் நாமும், ஆலை ஓடியபோது அதன் துணியை வாங்காமல், மூடியபின் அதற்காக வருந்தும் நாமும் மறைமுக முதலாளிகளின் வரிசையில் நிற்கிறோம். ஸோலாவின் கிரேகுவார் குடும்பம் நம் தெருவிலும் குடியிருக்கிறது.

இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டியதும் உண்டு. நம் திருச்சபை இந்நாட்டில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் நடத்துகிறது. அவ்விடங்களில் அது மறைமுக முதலாளி அன்று, நேரடி முதலாளி. அங்கே பெருக்கித் துடைப்பவர்க்கும், சமையற்கட்டில் நிற்பவர்க்கும், ஒப்பந்த ஆசிரியர்க்கும் கிடைப்பது குடும்பத்தைத் தாங்கும் ஊதியமா? வேலையை விட்டு நிறுத்தும்போது அவர்களுடைய சொல் கேட்கப்படுகிறதா? ‘இது சேவை’ என்று நாம் சொல்லும் சொல், ‘விருப்ப ஓய்வு’ என்னும் சொல்லைப்போல் எதையேனும் மறைக்கிறதா? ஆலை முதலாளியை எடைபோட்ட அதே தராசில் நம்மையும் வைத்துப் பார்க்காவிட்டால், சுற்றுமடல்களை மேற்கோள் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

நற்செய்தியில் திராட்சைத் தோட்ட உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கடைசி மணியில் வந்தவருக்கும் முழு நாட்கூலி கொடுத்த தலைவரின் தாராளத்தைப் பற்றியே பெரும்பாலும் மறையுரை அமைகிறது. அதற்குமுன் நடந்த சிறு உரையாடலை நாம் கடந்துபோய்விடுகிறோம். மாலை வரை சந்தை வெளியில் நின்றவரிடம், ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று தலைவர் முதலில் கேட்கிறார். எவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் விடையிறுக்கின்றனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று அவர் தாமே முடிவு கட்டிவிடவில்லை. உபரி என்று பெயரிடவும் இல்லை. கேட்டார், விடையைக் காதுகொடுத்து ஏற்றார், பிறகே முடிவெடுத்தார். கூலியின் தாராளத்துக்கு முன்னே நின்றது கேள்வியின் மரியாதை.

புதுச்சேரியின் பாவேந்தர் பாரதிதாசன், ‘ரேரும் நோவாரும்’ வெளிவந்த அதே 1891-ஆம் ஆண்டில், அதற்குச் சில நாள் முன்பு பிறந்தவர். சோலையையும் வயலையும் ஆலையையும் பார்த்து, இவை தொழிலாளர் உழைப்பில் உருவானவை அல்லவா என்று தம் பாடலில் கேட்டவர். அக்கேள்வியை ஓடும் ஆலையின் முன் அவர் கேட்டார். ஓய்ந்த ஆலையின் முன் நின்று கேட்பது நம் தலைமுறையின் கடமை. அந்நிலத்தில் நாளை எது எழுந்தாலும், அதற்கு அடிக்கல் நாட்டும் முன், அங்கே உழைத்தவர்க்குச் சேர வேண்டியது முழுமையாகச் சேர்ந்துவிட்டதா என்று எவரேனும் கேட்டாக வேண்டும். அவர்களின் கதையை அவர்கள் வாயாலே கேட்டு எழுதிவைக்க எழுத்தாளர் ஒருவரேனும் முதலியார்பேட்டைத் தெருக்களுக்குச் செல்ல வேண்டும். தறியின் ஓசையில் காது மந்தமானவர்கள் இன்னும் அங்கு வாழ்கின்றனர். நாம் சற்று உரக்கக் கேட்க வேண்டியிருக்கும். அவர்கள் விடை சொல்வார்கள்.